அம்மா மறுபடி ஊருக்குப் போன கதை

2021 நவம்பரில் பாலாற்றில் கரை புரண்டு வெள்ளம் போனதே, அதற்கு அடுத்த வாரம்தான் அப்பா இறந்துபோனார். கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா இனி யாரோடு இருப்பது என்று பேசினோம். அண்ணனுக்கு ஓசூரில் வாடகை வீடு, சின்ன வீடு. எங்களுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீடு. நானே அழைத்துப் போகிறேன் என்று சொன்னேன். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு குடுத்த வூட்டுல போய் குந்திகினு சாப்புடறதா பாப்பா?" என்று கேட்டாள். "காலம் மாறிப்போச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்விக்குள் இருந்ததை அப்போது நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் அணைக்கட்டுத் தாலுகாவில், இலவம்பாடிப் பக்கம். அப்பா தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கொல்லை பார்த்துக்கொண்டவள். அரை ஏக்கர்தான். ஒரு பக்கம் முள்ளு கத்தரிக்காய், ஒரு பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, வரப்போரம் துவரை. அறுபது வருடம் அந்த மண்ணில் குனிந்து நிமிர்ந்தவளை 2022 பொங்கல் முடிந்ததும் ஒரு பெட்டியோடும் இரண்டு பையோடும் காரில் ஏற்றி அழைத்து வந்தேன். அப்போது அவளுக்கு வயது 76.

நான் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். கீழே தனி அறை, புதுக் கட்டில், மெத்தை, அறையிலேயே டிவி. சமையலறைப் பக்கம் வர விடவில்லை. "நீ அறுபது வருஷம் உழைச்சது போதும்மா, உக்காரு" என்பேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாத்திரம் உருட்டுவாள். "இன்னும் விடியலையே, தூங்கும்மா" என்று படுக்க வைப்பேன். வயதானால் தூக்கமே முன்னிரவுக்கு நகர்ந்துவிடும், எட்டு மணிக்குச் சொக்கும், நாலு மணிக்கு விழிப்பு வரும், அது நோய் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஒன்றரை வருடம் அவள் நாலு மணியிலிருந்து ஆறரை வரை இருட்டில் கண்ணைத் திறந்தபடி படுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், என் தூக்கம் கெடக்கூடாது என்று.

அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் அம்மா கணக்கில்தான் வந்தது. ஏடிஎம் கார்டு என் கைப்பையில் இருந்தது. தொலைத்துவிடுவாள் என்று பயம். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஊர் வீட்டுச் சாவியைக்கூட, பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். கேட்டால் கொடுத்திருப்பேன்தான். ஆனால் தன் பணத்தையும் தன் வீட்டுச் சாவியையும் மகளிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலைமையில் அவளை வைத்தது நான்தானே.

முதல் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. புடவை கட்டிக்கொண்டு வாசலில் உட்காருவதை விட்டுவிட்டாள். நாள் முழுக்க நைட்டிதான். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றாள். என்ன சமைக்கட்டும் என்றாலும், கோயிலுக்குப் போகலாமா என்றாலும் அதே பதில். எவ்வளவு அனுசரணையாக இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டபோதே நான் பயந்திருக்க வேண்டும். கத்தரி நாற்று எத்தனை அடி இடைவெளியில் நட வேண்டும் என்று அப்பாவோடு சண்டை போட்டு ஜெயித்தவள் அவள்.

காதும் மந்தமாகிக்கொண்டு வந்தது. நான் பேசினால் "ஆங்?" என்பாள். என் வீட்டுக்காரர் பேசினால் சரியாகப் பதில் சொல்வாள். மாப்பிள்ளை என்ற மரியாதையில் காதைத் தீட்டிக் கேட்கிறாள், நான் சொன்னால் அலட்சியம் என்று எனக்கு மனத்தாங்கல்கூட வந்தது. காது டாக்டரிடம் போன அன்றைக்குத்தான் விளங்கியது. வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளாம். பெண்கள், குழந்தைகள் குரல் மங்கும், ஆண்களின் தடித்த குரல் கேட்கும். நான் கத்தக் கத்த என் குரல் இன்னும் மேலே ஏறி, அவளுக்கு இன்னும் கேட்காமல் போயிருக்கிறது. இரண்டு காதிலும் கட்டியாக இருந்த அழுக்கை எடுத்ததிலேயே பாதி தெளிந்தது. மீதிக்குக் காது மெஷின்.

மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாங்கிக் கொடுத்த முதல் வாரத்திலேயே "தலைக்குள்ள இரையுது" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. மூளை அந்தச் சத்தங்களை மறந்துபோயிருக்கும், பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் நாள் அரை மணி, அப்புறம் ஒரு மணி என்று அமைதியான அறையில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில் தொடங்கினால் அன்றோடு சரி. நாமும் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுக்காமல், முகத்துக்கு நேராக வந்து, குரலைத் தாழ்த்தி நிறுத்திப் பேசப் பழக வேண்டும். மெஷின் வந்தபின்தான் அம்மா டிவியில் நாடகம் பார்த்துத் தானாகச் சிரித்தாள். அவ்வளவு நாளும் வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

2023 பிப்ரவரியில் எங்கள் முள்ளு கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். "இப்ப நம்ம கொல்லையில இன்னா இருக்கு?" என்றாள். குத்தகைக்காரர் இந்தப் போகம் ஒன்றும் வைக்கவில்லை என்றேன். பேப்பரை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை.

அந்தச் சித்திரையில் ஊரில் பாரதம் வைத்தார்கள். எங்கள் வடாற்காட்டுப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் மத்தியானம் மகாபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு பாரதத்தையும் விட்டதில்லை. "ஒரு வாரம் போய்ட்டு வரேன்" என்று கேட்டாள். வேலூர் வெயிலில், ராத்திரி கண் விழித்து, தரையில் உட்கார்ந்து, இந்த வயதில் எப்படி என்று நான் முடியாது என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

கத்தரி வெயில் தொடங்கிய பிறகு நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். இதைப் படிப்பவர்களும் இந்தப் பகுதியையாவது மறக்காமல் இருக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் அம்மா என்னை அவள் தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுநாள் புடவையை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு வந்தாள். நடையில் தள்ளாட்டம். பாதிப் பேச்சில் தூங்கிப்போனாள். நாலாம் நாள் ராத்திரி, "உங்கப்பா கேணியில இறங்கிட்டாரு, தூக்கு" என்று எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தாள். எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிப்போயிற்று. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வயதைக் கேட்டார். "மறதி நோய் ஆரம்பிக்குது போல, இந்த வயசில் சகஜம்" என்று தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்டதும் இன்னும் மோசமானாள். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவள் கதவில் மோதி விழுந்தாள். எலும்பு முறியாமல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

அந்த விழுந்த காயத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோதுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு 118. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ஒரே நாளில் ஏற்றிவிட முடியாது, வேகமாக ஏற்றினால் மூளைக்கே சேதம் என்று சொல்லி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துப் பார்த்து மெதுவாக ஏற்றினார்கள். நாலாம் நாள் அம்மா கண் விழித்து, "யாருடி எனக்கு இந்தச் சட்டையை மாட்டனது?" என்றாள். மறதி நோய் எங்கே போயிற்று? அது வரவே இல்லை.

காரணத்தை டாக்டர் விளக்கியபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்தக் கொதிப்பு மாத்திரையில் சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அது சிறுநீரோடு சோடியத்தையும் வெளியேற்றும். வயதானவர்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே நடக்கும். பிரஷருக்கு நல்லது என்று நான் அவள் சாப்பாட்டில் உப்பை அடியோடு குறைத்திருந்தேன். வெயில் என்று ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வெறும் தண்ணீரைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தேன். சாப்பாடும் குறைந்து போயிருந்தது. உள்ளே வருவது குறைவு, வெளியே போவது அதிகம், மீதியும் தண்ணீரில் நீர்த்துப் போகிறது. இதில் ஒன்றுகூட நான் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை.

ஆகவே சொல்கிறேன். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். நேற்று வரை சரியாக இருந்தவர் இன்றைக்குக் குழம்பினால், அதிலும் ராத்திரியில் அதிகமாகிப் பகலில் கொஞ்சம் தெளிந்தால், அதை வயதின் மேல் போடாதீர்கள். சோடியம், சர்க்கரை, சிறுநீரில் கிருமி, புதிதாகச் சேர்த்த மாத்திரை, நாலைந்து நாளாக வயிறு போகாமல் இருப்பது, உடம்பில் எங்கேயாவது சீழ், நுரையீரல் சளி என்று தேடிப் பார்க்கவேண்டிய காரணங்கள் நிறைய. காய்ச்சலே இல்லாமல்கூட வயதானவர்களுக்குக் கிருமித் தொற்று குழப்பமாக மட்டும் வெளியே தெரியும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், "இது புதுசு, நாலு நாளாகத்தான்" என்று அழுத்திச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் டாக்டரின் யோசனையையே மாற்றும். போகும்போது மாத்திரை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அம்மாவுக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தின நாள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். சின்னப் பெண், என் மகள் வயது இருக்கும். "பாட்டி, வீட்டுல என்னென்ன வேலை செய்வீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். எந்தெந்த அசைவு தேவைப்படும் என்று தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒண்ணுமில்லமா. எந்திரிப்பேன், துன்னுவேன், படுப்பேன்" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றரை வருடமாக நான் இவளுக்கு என்ன செய்தேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில், "ஊருக்குப் போறியாம்மா?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாவி எங்க கீது?" என்றாள்.

உடனே அனுப்பவில்லை. மூன்று மாதம் ஆயிற்று. முதலில் அவள் காலில் பலம் வர வேண்டும். 52 கிலோவாக வந்தவள் 45 ஆகியிருந்தாள். தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வயதானவர் என்று நான் குழைய வடித்த சோறும் ரசமும்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயதான உடம்புக்குப் புரதம் குறைவாகப் போதும் என்பது தப்பு. எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது என்றார்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அது வேறு கணக்கு. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு கைப்பிடி மல்லாட்டையில் ஏழு, ஒரு டம்ளர் பாலில் ஆறு. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது கணக்குப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. அம்மா ஏன் கடலை, சுண்டல் எல்லாவற்றையும் ஒதுக்கினாள் என்று பார்த்தால், இளைத்ததில் ஈறும் சுருங்கிப் பல் செட் ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல முடியவில்லை, சொல்லவும் இல்லை. பல் செட்டைச் சரி செய்தோம். அதுவரை மல்லாட்டையை வறுத்துத் துவையலாகவும் பொடியாகவும் அரைத்துக் கொடுத்தேன். கேழ்வரகுக் களியோடு கீரைக் கடைசலில் பருப்பைக் கூட்டிப் போட்டேன். தினம் ஒரு முட்டை. அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமான சாப்பாடுதான். இட்லியும் ரசமும்தான் அவளுக்குப் பழக்கமில்லாதது.

பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்று, எல்லோரும் இன்றே தொடங்கலாம். கையில்லாத உறுதியான நாற்காலி, சுவரை ஒட்டிப் போட வேண்டும். கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்கார வேண்டும். அம்மா முதல் நாள் கையை ஊன்றியும் இரண்டு முறைதான் முடிந்தது. ஆடி பிறப்பதற்குள் கை ஊன்றாமல் பத்து முறை, காலையும் மாலையும். அப்புறம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நிற்பது. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் விழாமல் காப்பாற்றுவது தொடைப் பலமும் நிலை தடுமாறாத பழக்கமும்தான். எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கணக்கு 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் அது தெரியாது. அம்மா இப்போதும் எழும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைப் பத்து முறை ஆட்டிவிட்டுத்தான் நிற்கிறாள்.

ஊர் வீட்டைச் சரி செய்ததில் நிறைய யோசித்தோம். ஓட்டு வீடு, கக்கூஸ் தோட்டத்துப் பக்கம். ராத்திரி அவ்வளவு தூரம் நடப்பதுதான் ஆபத்து. அறையிலேயே கட்டிலுக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலி ஒன்று வைத்தோம். முகம் சுளித்தாள், மழைக்காலம் வந்ததும் ஏற்றுக்கொண்டாள். கக்கூஸிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் ஸ்டீல் கம்பி பதித்தோம். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அது கையோடு வந்துவிடும், ஆகவே சுவரில் துளையிட்டு நன்றாக இறுக்கிய கம்பிதான் வேண்டும். குளிக்கும் இடத்தில் வழவழப்பான சிமென்ட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கினோம். வழியில் இருந்த கால்மிதியை எல்லாம் எடுத்துவிட்டோம். நிலைப்படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம், கண்ணில் படட்டும் என்று. ராத்திரி முழுக்க எரியும் சின்ன பல்பு. மின்சாரம் போனாலும் எரிகிற பல்பு ஒன்று இப்போது கிடைக்கிறது, அதையும் போட்டோம். மொத்தச் செலவும் ஒருநாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குள் அடங்கிவிட்டது.

காலை காப்பிக்கு விறகடுப்பும் வேண்டாம், கேஸும் வேண்டாம் என்று கரண்டு அடுப்பு, பாத்திரத்தை எடுத்தால் தானே அணைந்துவிடும் வகை, வாங்கினோம். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். நாலு மணிக்கு எழுந்து தானே காப்பி போட்டுக் குடிக்கிறாள், யாரும் படுக்கச் சொல்வதில்லை.

ஏடிஎம் கார்டைக் கையில் கொடுத்தேன். எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது, பேங்க்கில் இருந்து பேசுகிறோம் என்று போன் வந்தால் வைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் நாலு தடவை சொன்னேன். மாதம் ஒருமுறை அணைக்கட்டுக்குப் போய் அவளே எடுக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கிற உயிர்வாழ் சான்றைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து மெஷினில் எடுத்துக்கொள்கிறார், 70 ரூபாய். மண்ணில் வேலை செய்து கைரேகை தேய்ந்தவர்களுக்கு விரல் வைத்தால் மெஷின் ஏற்காது. முகத்தைப் படம் பிடித்துச் செய்யும் வழியும் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊருக்கே ஒரு பெண் வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாள். ஒருமுறை நிற்க வைத்தும் பாரும்மா என்று நான் கேட்டுக்கொண்டதை இன்றுவரை மறக்காமல் செய்கிறாள்.

அண்ணனுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. "வயசான பொம்பளைய தனியா உட்டுட்டு ஊர் இன்னா பேசும்?" என்றான். ஊரும் பேசியது. மகள் துரத்திவிட்டாள் என்று ஒரு கல்யாணத்தில் என் காதுபடவே சொன்னார்கள். வலித்தது. அம்மாதான் பதில் சொன்னாள், அவர்களிடம் இல்லை, என்னிடம்: "அவங்களா என் கால்ல வந்து நடக்கறாங்க?"

அவளால் திரும்பிப் போக முடிந்ததற்கு ஒரு காரணம், வீடும் கொல்லையும் அவள் பெயரில் இருந்தது. அப்பா போனபின் பத்திரத்தை எங்கள் இருவர் பேருக்கும் மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கே கொஞ்சம் கோபம். இன்று யார் கேட்டாலும் சொல்கிறேன், உயிரோடு இருக்கும்போது கடைசிக் கூரையைக் கைமாற்றாதீர்கள். தானமாக எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23வது பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. வாயால் சொன்ன வாக்குறுதியை நிரூபிப்பது கஷ்டம். ஜீவனாம்சம் கேட்டு மனுக் கொடுக்கவும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை, வருவாய் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன்.

எல்லோரையும் ஊருக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே மறதி நோய் இருப்பவரைத் தனியாக விட முடியாது. ஊரில் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர ஆள் இல்லாவிட்டாலும் முடியாது. அம்மாவுக்கு எதிர் வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டு மருமகள் சாயங்காலம் ஒருமுறை வந்து பார்ப்பாள். அவளுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கிறோம், அம்மா கையால்தான். கூடவே இருக்கிற பெற்றோருக்கும் செய்ய நிறைய இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை, காட்பாடி காந்தி நகரில் அடுக்கு வீடு, எண்பது வயது மாமனார். பால் வாங்குவது, கரண்டு பில் தேதி, ரேஷன் என்று மூன்றையும் முழுக்க அவரிடம் விட்டுவிட்டார். தேதி தவறி ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். அப்போதும் திரும்பப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமை எனக்கு இருந்திருந்தால் அம்மா என் வீட்டிலேயே இருந்திருப்பாளோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

பயம் முழுதாகப் போய்விடவில்லை. போன வருடம் மழையில் வரப்பில் வழுக்கி மணிக்கட்டில் பிசகிக்கொண்டாள். பதினைந்து நாள் என்னிடம் வந்து இருந்தாள். கட்டுப் பிரித்த மறுநாள் பெண்களுக்குக் காசு வாங்காத வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் ஏறி அவளே ஊருக்குப் போய்விட்டாள். கொல்லை முழுதையும் அவள் பார்ப்பதில்லை, அது முடியாது. குத்தகைக்காரர்தான் பார்க்கிறார். வீட்டை ஒட்டி ஆறு பாத்தி மட்டும் அவளுடையது. குனியாமல் இருக்க நீளக் காம்பு வைத்த களைக்கொத்து ஒன்று செய்து கொடுத்தோம். முள்ளு கத்தரியைப் பறிக்கும்போது கையில் தைக்கும், கையுறை வாங்கிக் கொடுத்தேன், போட மாட்டேன் என்கிறாள். அதில் நான் தலையிடவில்லை. வெயிலில் மட்டும் பத்து மணிக்கு மேல் வெளியே இறங்கக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒப்பந்தம், வயதானால் தாகமே சரியாகத் தெரியாது என்பதால். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோடியம் பார்க்கிறோம்.

அடுத்த முறை ஊரில் பாரதம் வைத்தபோது அவள் என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். அர்ச்சுனன் தபசு அன்று நானும் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் பந்தல் ஓரம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் அவள் வயதுப் பெண்கள், மடியில் சுருட்டிய சால்வை, ஒரு சொம்பில் மோர். காது மெஷின் போட்டிருந்தாள். கட்டியங்காரன் ஒரு வரி பாடும்முன் அடுத்த வரியை இவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மணிக்கு மேல் தூங்கிப்போனாள். அர்ச்சுனன் கம்பத்தில் ஏறும் நேரம் பக்கத்து ஆயா தோளைத் தட்டி எழுப்பினாள். அதற்கென்றே சொல்லி வைத்திருந்தாளாம்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. காலையில் காப்பி குடித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால். ஐந்தரைக்குள் வரவில்லை என்றால் நான் கூப்பிடுவேன், எடுக்கவில்லை என்றால் எதிர் வீட்டுக்குப் போன் போகும். இரண்டு வருடத்தில் மூன்று முறை அப்படி ஆயிற்று. மூன்று முறையும் சார்ஜ் போட மறந்திருந்தாள். இன்று 4.40க்கு மணி அடித்து நின்றது. திரும்பப் படுக்கப் போனேன், மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம வரும்போது மண்டித் தெருவுல அரை கிலோ வெல்லம் வாங்கினு வா. பழைய வெல்லமா பாத்து வாங்கு, வெள்ளையா இருக்கறது வேணாம். காசு நான் குடுத்துடறேன்."